இலவசமாகப் பாடியவன் விலை கேட்டபோது

இரண்டு வாரங்களுக்கு முன், இரவு நிகழ்ச்சியை முடித்துவிட்டுக் காருக்கு நடந்துகொண்டிருந்தேன். புலனத்தில் ஒரு குரல் பதிவு வந்தது. நமக்குத் தெரிந்த தம்பிதான். சொல்லிசைக் கலைஞர், வயது 26, கிள்ளான் பக்கம். பகலில் கிடங்கில் வேலை, இரவில் பாட்டு.

"அக்கா, ஒன்னு கேட்கணும். ஆல்பத்த எடுத்துட்டு, முன்ன மாதிரி சும்மாவே விட்டுரலாமா?"

விஷயம் இதுதான். மூன்று ஆண்டுகளாக அவர் தம் பாடல்களை வலையொளியில் இலவசமாகவே வெளியிட்டு வந்தார். நானும் சிலவற்றை என் நிகழ்ச்சியில் ஒலியேற்றியிருக்கிறேன். 'இந்தத் தம்பி இன்னும் பெரிய இடத்துக்குப் போகணும்' என்று நேயர்கள் எழுதுவார்கள். அந்த நம்பிக்கையில், கார் வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணத்தைப் போட்டு முதல் ஆல்பத்தை முடித்தார். குறுந்தட்டு 25 ரிங்கிட். 200 தட்டுகள் அடித்தார். ஒரு மாதத்தில் போனது 61.

விற்காதது கூட அவரை அவ்வளவு வாட்டவில்லை. அதே நேயர்கள் எழுதியதுதான் வாட்டியது. 'பழைய பாட்டுல இருந்த உயிர் இதுல இல்ல.' 'காசுக்காக மாறிட்டான்.' 'முன்ன மாதிரி இல்ல ப்ரோ.'

அன்றிரவு நான் உடனே பதில் போடவில்லை. 'யார் என்ன சொன்னா என்ன தம்பி, நீங்க போய்க்கிட்டே இருங்க' என்று ஓர் அறிவிப்பாளர் வசனம் எனக்குக் கைவசம் எப்போதும் உண்டு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. காரணம், 2012-இல் இதே வார்த்தைகளை இன்னொரு கலைஞரைப் பற்றிச் சொன்னவள் நான்.

மெரிடியன் பையன்

அவர் பெயர் பிக் கிரிட். இயற்பெயர் ஜஸ்டின் ஸ்காட். 'கிரிட்' என்பது ஆங்கிலத்தில் நான்கு சொற்களின் முதலெழுத்துகள். காலம் நினைவில் வைத்திருக்கும் அரசன் என்று தமிழில் சொல்லலாம். 1986-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், மெரிடியன் என்னும் சிற்றூரில் பிறந்தவர். புளூஸ் இசைக்குத் தாய்வீடு மிசிசிப்பி. கன்ட்ரி இசையின் தந்தை என்று போற்றப்படும் ஜிம்மி ராட்ஜர்ஸும் மெரிடியன்காரர்தான். ஆனால் ராப் இசை என்று வந்தால் அந்த ஊரை யாரும் வரைபடத்தில் தேடியதில்லை.

அமெரிக்க ராப் இசை நியூயார்க்கில் பிறந்தது. பிறகு லாஸ் ஏஞ்சலஸ் தனக்கென ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டது. தென் மாநிலத்துக்காரர்கள் வாயைத் திறந்தால் 'பட்டிக்காட்டுப் பேச்சு' என்ற கேலிதான். 1995-இல் நியூயார்க்கில் நடந்த 'தி சோர்ஸ்' இதழின் விருது விழாவில், அட்லாண்டாவைச் சேர்ந்த அவுட்காஸ்ட் சிறந்த புதிய குழு விருதை வாங்க மேடை ஏறியபோது கூட்டம் கூச்சல் போட்டது. அந்தக் கூச்சலுக்கு நடுவே, தெற்குக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது என்று ஆண்ட்ரே அறிவித்துவிட்டு இறங்கினார். 2004-இல் அதே அவுட்காஸ்ட், ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வாங்கியது தனிக் கதை.

பேச்சு வழக்கைக் கேலி செய்வது நமக்கும் புதிதா என்ன? மலேசியத் தமிழில் பாடினால் யார் கேட்பார்கள் என்ற கேள்வியைத் தாண்டித்தான் 2006-இல் யோகி பி, நட்சத்ரா குழுவின் 'வல்லவன்' வந்தது. அதனால்தானோ என்னவோ, தன் ஊர் உச்சரிப்பை ஒளிக்காமல் பாடுகிற எவரையும் எனக்குச் சட்டென்று பிடித்துவிடும்.

பிக் கிரிட் அப்படித்தான் பிடித்துப்போனார். பாட்டை எழுதுவது, பாடுவது, இசையமைப்பது மூன்றும் அவரே. 2010-இல் ஒரு தொகுப்பை இணையத்தில் இலவசமாக வெளியிட்டார். பெயர் 'கிரிட் வாஸ் ஹியர்'. இப்படி இலவசமாக வரும் தொகுப்புக்கு ராப் உலகில் 'மிக்ஸ்டேப்' என்று பெயர். அது கிளப்பிய பேச்சில் டெஃப் ஜாம் என்ற பெரிய நிறுவனம் அவரை ஒப்பந்தம் செய்தது. 2011-இல் 'ரிட்டர்ன் ஆஃப் ஃபோரெவர்', 2012 மார்ச்சில் 'ஃபோரெவர் அன் எ டே'. இவையும் இலவசம்தான். பழைய சோல் பாடல்களின் கதகதப்பு, காரின் பின்பெட்டியை அதிர வைக்கும் தாளம், இடையிடையே தன் பயங்களையும் குடும்பத்தையும் பற்றிய வெளிப்படையான பேச்சு. நான் அப்போது ஊடகத் துறை மாணவி. விடுதி அறையில் காதொலிப்பானைப் போட்டுக்கொண்டு கேட்பேன். நம் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஓர் அண்ணன் பேசுவது போல இருக்கும்.

ஜூன் 5, 2012

அன்றுதான் அவருடைய முதல் ஆல்பம் 'லைவ் ஃப்ரம் தி அண்டர்கிரவுண்ட்' கடைக்கு வந்தது. முதன்முதலாக ஒரு முழு ஆல்பத்துக்கு ரசிகர்களிடம் அவர் காசு கேட்ட நாள் என்றும் சொல்லலாம்.

அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் முதல் வாரமே 5-ஆம் இடம். சுமார் 41,000 பிரதிகள் விற்றன. 2010 கணக்கெடுப்பில் மெரிடியன் ஊரின் மக்கள்தொகையும் ஏறக்குறைய 41,000தான். ஊரில் உள்ள கைக்குழந்தை முதற்கொண்டு ஆளுக்கு ஒரு பிரதி வாங்கியதற்குச் சமம். சிற்றூர்ப் பையனின் முதல் ஆல்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் ரசிகர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். ஒரு பக்கம், 'எங்கள் தெற்கின் மணம் குறையாமல் கொடுத்துவிட்டான்' என்று கொண்டாடினார்கள். பன் பி, 8பால் அண்ட் எம்ஜேஜி, லூடாகிரிஸ், டெவின் தி டியூட் என்று தென்னகத்து மூத்தவர்கள் வரிசையாக வந்து பாடியிருந்தார்கள். மறுபக்கம் முணுமுணுப்பு. மிக்ஸ்டேப்பில் இருந்த ஆழம் எங்கே? முதல் பாதியில் கேளிக்கை விடுதிப் பாட்டு எதற்கு? பெரிய நிறுவனம் இவனையும் மாற்றிவிட்டதா? முன்னோடிகளின் பாணியையே திரும்பச் சொல்கிறானே, இவனுக்கென்று என்ன இருக்கிறது?

நான் மறுபக்கத்தில் நின்றேன். கல்லூரி வானொலியில் பத்து நிமிடம் பேசினேன். 'எதிர்பார்த்த அளவு இல்லை, சுமார் ரகம்' என்று தீர்ப்பும் கொடுத்தேன்.

நிகழ்ச்சி முடிந்து வெளியே வந்ததும் என்னோடு படித்த தோழி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "நீ எவ்ளோ குடுத்து வாங்குன?"

நான் வாங்கவே இல்லை. யாரோ ஒருவரின் பென்டிரைவிலிருந்து நகல் எடுத்தது. அதையும் ஐந்தாறு பாட்டுக்கு மேல் கேட்கவில்லை.

காணாமல் போன கதகதப்பு

ரசிகர்களின் குறை முழுவதும் பொய் என்று சொல்ல மாட்டேன். மிக்ஸ்டேப்பில் இருந்த ஒரு கதகதப்பு ஆல்பத்தில் குறைந்திருந்தது உண்மை. ஏன் குறைந்தது என்பதைத்தான் நாங்கள் யாரும் அன்று யோசிக்கவில்லை.

ராப் இசையில் 'சாம்பிள்' என்று ஒரு முறை உண்டு. பழைய பாட்டு ஒன்றிலிருந்து சில நொடிகளை வெட்டியெடுத்து, சுழற்றி, அதன்மேல் புதுப் பாட்டைக் கட்டுவது. பழைய பாட்டின் நினைவும் புதுப் பாட்டோடு சேர்ந்து நமக்குள் இறங்கும். 'நிழல்கள்' படத்து இளையராஜா பாட்டை எடுத்து யோகி பி குழு 'மடை திறந்து' செய்தபோது, அப்பாவும் மகனும் சேர்ந்து தலையாட்டினார்களே, அந்த மாதிரி.

ஆனால் அந்தச் சில நொடிகளுக்கும் சொந்தக்காரர் உண்டு. 1991-இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பிஸ் மார்க்கி என்ற ராப் கலைஞர் கில்பர்ட் ஓ'சல்லிவனின் பாட்டிலிருந்து அனுமதியில்லாமல் எடுத்தது தவறு என்று கடுமையாகத் தீர்ப்பளித்தது. அன்றிலிருந்து அமெரிக்காவில் கடைக்குப் போகிற ஆல்பம் என்றால் ஒவ்வொரு சாம்பிளுக்கும் அனுமதி வாங்க வேண்டும். பாட்டை எழுதியவர் ஒருவர், ஒலிப்பதிவின் உரிமையாளர் இன்னொருவர். இரண்டு பேரும் சம்மதிக்க வேண்டும், இரண்டு பேருக்கும் பணம் கொடுக்க வேண்டும். ஒருவர் மறுத்தாலும் பாட்டு வெளிவராது.

இலவச மிக்ஸ்டேப்பில் இந்தத் தலைவலி பெரும்பாலும் இருக்காது. விற்பனை இல்லாததால் உரிமையாளர்கள் கண்டும் காணாமல் இருப்பார்கள். அதுவும் எப்போதும் இல்லை. பிக் கிரிட்டின் ஆல்பம் வந்த அதே 2012-இல், மேக் மில்லர் இலவசமாக விட்ட ஒரு பாட்டுக்காக லார்ட் ஃபினெஸ் 1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார்.

ஆக, பிக் கிரிட் தம் முதல் ஆல்பத்தைச் சாம்பிள்களைக் குறைத்து, நேரடி இசைக்கருவிகளை அதிகம் வைத்து உருவாக்கினார். அனுமதிச் சிக்கலால் ஆல்பமும் தள்ளிப்போனது. காத்திருந்த ரசிகர்கள் வாடிவிடக்கூடாது என்று நடுவில் இன்னோர் இலவசத் தொகுப்பையும் கொடுத்தார். சாம்பிள் நிறைந்த, கதகதப்பான தொகுப்பு. மூன்று மாதம் கழித்து ஆல்பம் வந்ததும், நாங்கள் அந்த இலவசத்தையே அளவுகோலாக எடுத்து ஆல்பத்தை அளந்தோம். அவர் கொடுத்த கோலாலேயே அவருக்கு அடி.

இன்னொரு விஷயமும் உண்டு. கேளிக்கைப் பாட்டும் கார்ப் பாட்டும் மிக்ஸ்டேப்பிலும் இருந்தன. பிடிக்காததைத் தாண்டிப் போனோம், பிடித்த பத்துப் பாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டோம். மூன்று தொகுப்பின் சிறந்த பாட்டுகளையும் ஒரு தட்டில் வைத்து, ஒரே ஆல்பத்தை மறு தட்டில் வைத்தால் தராசு எந்தப் பக்கம் சாயும்? சும்மா கிடைத்ததில் நல்லதைப் பொறுக்கினோம். விலை போட்டதும் சொத்தையைத் தேடினோம்.

சாலையோரத்தில் நாசி லெமாக் விற்கும் அக்காவின் கடையைப் பாருங்கள். குடையின் கீழ் விற்கும் வரை 'இந்த சம்பலுக்கு ஈடே இல்லை' என்போம். அவர் கடன் வாங்கிக் கடைவீட்டுக்குப் போய் 50 காசு ஏற்றினால், முதல் வாயிலேயே 'முன்ன மாதிரி இல்ல'. சம்பல் மாறியிருக்கலாம், மாறாமலும் இருக்கலாம். நாம் மாறிவிட்டோம் என்பது மட்டும் உறுதி.

அதற்குள் ஒரு பாசமும் ஒளிந்திருக்கிறது, மறுக்கவில்லை. யாரும் கண்டுகொள்ளாதபோது நாம் கேட்டோம், நாம்தான் பத்துப் பேருக்கு அனுப்பினோம். அதனால் 'நம்ம ஆளு' என்று ஓர் உரிமை வந்துவிடுகிறது. ஊரே கேட்கத் தொடங்கும்போது அந்த உரிமை கைநழுவுவது போல இருக்கிறது. அந்த வருத்தத்தைத்தான் பலநேரம் விமர்சனம் என்ற பெயரில் எழுதுகிறோம்.

நான் கேட்காமல் விட்ட பாட்டு

சில ஆண்டுகளுக்குப் பிறகு, ஒரு தீபாவளிக்கு முந்தைய இரவு, ஈப்போ பக்கம் பாட்டி வீட்டுக்கு நான் மட்டும் கார் ஓட்டிப் போய்க்கொண்டிருந்தேன். வானொலியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டிருந்தேன். தஞ்சோங் மாலிம் தாண்டியதும் தூக்கம் வராமல் இருக்க எதையோ ஒலிக்க விட, அந்தப் பழைய ஆல்பம் ஓடத் தொடங்கியது. நெரிசல் என்பதால் மாற்ற முடியவில்லை. அன்றைக்குத்தான் முழுவதும் கேட்டேன்.

முடிவதற்குச் சற்று முன் 'பிரேயிங் மேன்' என்ற பாட்டு வருகிறது. அடிமைக் காலத்துக் கறுப்பின மக்களின் துயரத்தை அவர்கள் வாயாலேயே சொல்லும் பாட்டு. பிக் கிரிட்டோடு சேர்ந்திருப்பவர் யார் தெரியுமா? புளூஸ் மன்னர் பி.பி. கிங். அவரும் மிசிசிப்பிக்காரர். 1925-இல் பிறந்தவர். ஆல்பம் வந்தபோது 86 வயது. 25 வயதுப் பையன், தன் மண்ணின் மூத்தவரை அழைத்து வந்து தன் முதல் ஆல்பத்தில் உட்கார வைத்திருக்கிறான். பி.பி. கிங் 2015-இல் காலமானார்.

சாம்பிள் இல்லை என்று முணுமுணுத்தோம். பழைய இசையை வெட்டி ஒட்டுவதற்குப் பதிலாக, அந்தப் பழைய இசையையே உயிரோடு கூட்டி வந்திருந்தார் அவர். ஐந்தாறு பாட்டோடு நிறுத்திவிட்டுத் தீர்ப்புச் சொன்ன எனக்கு அது எப்படித் தெரியும்? ஓய்வுப் பகுதியில் காரை நிறுத்தி மறுபடியும் போட்டுக் கேட்டேன். பாராட்டக் கூச்சமாக இருந்தது. அன்றே ஆல்பத்தைக் காசு கொடுத்து வாங்கினேன். எனக்கு நானே போட்டுக்கொண்ட அபராதம் அது.

பிக் கிரிட் அந்தக் கலவையான வரவேற்போடு நின்றுவிடவில்லை. 2014-இல் 'காடிலாக்டிகா' வந்தது. இம்முறை மற்ற இசையமைப்பாளர்களையும் சேர்த்துக்கொண்டார். 2016-இல் டெஃப் ஜாமை விட்டு விலகினார். 2017-இல் தம் சொந்த நிறுவனத்தின் வழி 'ஃபோரெவர் இஸ் எ மைட்டி லாங் டைம்' என்ற இரட்டை ஆல்பத்தைக் கொடுத்தார். ஒரு தட்டுக்குப் பெயர் பிக் கிரிட், மறு தட்டுக்கு ஜஸ்டின் ஸ்காட். கொண்டாட்டம் ஒரு பக்கம், உள்மனம் ஒரு பக்கம். ரசிகர்கள் எந்தக் கிரிட் வேண்டும் என்று அடித்துக்கொண்டார்களோ, அந்த இருவரையும் தனித்தனியே உட்கார வைத்துவிட்டார். அவருடைய சிறந்த படைப்பு அதுதான் என்று சொல்பவர்கள் பலர். முதல் ஆல்பத்துக்கு வந்த முணுமுணுப்பைக் கேட்டு அவர் மறுபடியும் இலவசத்துக்கே ஒதுங்கியிருந்தால் அது வந்திருக்குமா?

தம்பிக்குச் சொன்னது

மறுநாள் காலையில் தம்பியின் ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை கேட்டேன். அப்புறம்தான் அழைத்தேன்.

பொய் சொல்லவில்லை. "மூணாவது பாட்டும் அஞ்சாவது பாட்டும் சினிமாப் பாட்டு மாதிரி இருக்கு தம்பி. உங்களுக்குப் பொருந்தல. நாலாவதுல இசை உங்க குரல அமுக்குது," என்றேன். கொஞ்ச நேரம் அமைதி. "அது எனக்கும் தெரியும்க்கா," என்றார். "ஆனா ஒன்பதாவது பாட்டு, தாத்தா பத்திப் பாடியிருக்கீங்களே, அந்த மாதிரி ஒரு பாட்டு உங்க பழைய பாட்டுல ஒன்னுகூட இல்ல," என்றேன். மறுபடியும் அமைதி. "அதப் பத்தி இதுவரைக்கும் யாருமே பேசலக்கா. அங்க வரைக்கும் யாரும் கேட்கலன்னு நினைக்கிறேன்."

எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது.

ஆல்பத்தை எடுக்க வேண்டாம் என்றேன். காசு கேட்டதற்காக யாரிடமும் வருத்தம் தெரிவிக்க வேண்டாம் என்றும் சொன்னேன். குறை சொல்பவர்கள் எல்லாரும் எதிரிகள் இல்லை, அதில் காரணம் சொல்கிறவர்கள் இரண்டு பேர் இருந்தால் அவர்களைக் கவனியுங்கள் என்றேன். நான் அவர் பாட்டை ஒலியேற்றும் ஒவ்வொரு மாதமும் எனக்குச் சம்பளம் வந்திருக்கிறது. அவருக்கு அந்த மூன்று ஆண்டும் 'வாழ்த்துகள் தம்பி' மட்டும்தான் வந்தது. இதை யோசிக்காமல் 'உயிர் இல்லை' என்று எழுதுவது நமக்கு எவ்வளவு சுலபம்!

வாசகர்களே, உங்கள் வீட்டிலும் ஒரு பிள்ளை பாடுவார், குறும்படம் எடுப்பார், கவிதை எழுதுவார். முதன்முதலாக விலை போட்டு நீட்டும் நாளில் அது குறையோடுதான் இருக்கும். பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். கடைசிப் பாட்டு வரை கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். முடிந்தால் வாங்கிவிட்டுச் சொல்லுங்கள்.

"உங்களுக்கு ஒரு தட்டு சும்மா அனுப்பி வைக்கிறேன்க்கா," என்றார் தம்பி, பேச்சை முடிக்கும்போது. வேண்டாம் என்று சொல்லி 50 ரிங்கிட் அனுப்பினேன். எனக்கு ஒன்று, அன்று கேள்வி கேட்ட தோழிக்கு ஒன்று.

இப்போது கணக்கு 63. அந்த ஒன்பதாவது பாட்டு இந்த வெள்ளிக்கிழமை இரவு என் நிகழ்ச்சியில் ஒலியேறும். கேட்டுவிட்டு எழுதுங்கள். அடுத்த வாரம் சந்திப்போம்.